ஒரு நாள் பட்டினி

அடையாறில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடம். மதிய வெயில் ஜன்னல் திரையைத் தாண்டி, நுண்ணோக்கியின் மேல் குனிந்திருக்கும் மேகலாவின் பின்னங்கழுத்தில் விழுகிறது. மலேரியாக் கிருமியை ஆராயும் உம்மே ஹானி பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். போன மழைக்காலத்தில் அந்தக் காய்ச்சலில் இறந்துபோன மீனவன் தினகரனின் ரத்தத்திலிருந்து எடுத்து வளர்க்கும் கிருமி இது. அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அவன் மனைவி மேகலா ஊரூர் குப்பத்திலிருந்து வந்திருக்கிறாள். இளஞ்சிவப்பு வட்டங்களுக்குள் மோதிரம் மோதிரமாய் ஊதா நிறம்.

“இது உயிரோடவா கீது?”

“கண்ணாடியில இருக்கறது செத்துடுச்சுக்கா. அந்தப் பெட்டிக்குள்ள இருக்கறது உயிரோடதான் இருக்கு.”

சுவரோரம் மெல்ல முனகும் வெள்ளைப் பெட்டியை மேகலா திரும்பிப் பார்க்கிறாள். உள்ளே எப்போதும் உடம்புச் சூடு என்று ஹானி சொன்னதும், போய் அதன் கதவில் உள்ளங்கையை வைக்கிறாள்.

“இன்னா துன்னும் இது?”

“ரத்தம்தான்க்கா. நான்தான் ஊத்துவேன். மருந்து கண்டுபிடிக்கணும்ல…”

“அவரு போய்ட்டாரு. இத நீ சோறு போட்டு வளக்கற.” குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் ஹானிக்குத் தேவலை. “இன்னிக்கு ஒரு நாளாச்சும் பட்டினி போடேன்.”

ஹானி தலையாட்டுகிறாள். மேகலாவின் செருப்புச் சத்தம் படியிறங்கி ஓய்கிறது. பெட்டி முனகுகிறது. கொஞ்ச நேரம் கழித்து ஹானி கையுறையை மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கிறாள். குப்பியின் அடியில் சிவப்பு படிந்து கிடக்கிறது. புது ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாய் விடுகையில், பிள்ளைக்கு ஊட்டுகிறவளைப் போல அவள் வாய் தானாகத் திறக்கிறது.