மிச்சக் கரண்ட்

"மாத்தயா, இந்தக் கிறைண்டர் ஏன் சும்மா ஓடுறது? உள்ளே ஒண்ணும் இல்லைதானே?"

கண்ணாடி மூடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார் சார்ஜன்ட்.

அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. வெள்ளவத்தையில் அந்த ஒழுங்கை முழுக்க யுத்தகாலப் பொலிஸ் சோதனை. பொலிஸில் பதியாமல் தங்கிய ஒருவர் அகப்பட்டால் போதும், வீட்டுக்காரரும் சேர்ந்து ஜீப்பில் ஏறவேண்டியதுதான். நாகேந்திரம் வீட்டிலோ பட்டப்பகலில் எல்லா லைட்டும் எரிந்தன. ரேடியோ அலறியது. குசினியில் வெறும் கிறைண்டர் காதைப் பிய்த்தது.

"கரண்ட் மிச்சம், சேர். அதுதான்," என்றார் நாகேந்திரம். மின்சார சபையில் ஓய்வு பெற்றவர். கரண்டைப் பற்றி யாராவது கேட்டால் லேசில் விடமாட்டார்.

"மிச்சமா? போன வருசம் வெட்டு வெட்டுன்னு வெட்டினதே!"

"போன வருசம் மழை இல்லை. இப்ப மலையில கொட்டோ கொட்டெண்டு கொட்டுது. இண்டைக்கு லீவு, பக்டரியெல்லாம் பூட்டு. கரண்டைச் சாக்கில கட்டி வைக்கேலாது, சேர். பாவிக்க ஆளில்லாட்டி, தண்ணியில கரண்ட் எடுக்கிற மெசின் தறிகெட்டு ஓடப் பாக்கும்."

"அப்ப என்ன செய்றது?"

"அங்க தண்ணியை மறிச்சு மெசினை அடக்குவினம். இஞ்ச நான் என்னால ஏண்டதைச் செய்யிறன்."

சார்ஜன்டுக்குச் சுவாரசியம் தொற்றிக்கொண்டது. "உங்கட ஒரு கிறைண்டர் ஓடுறது லக்சபான பவர் ஸ்டேஷனுக்குத் தெரியுமா?"

"கடுகளவு தெரியும்," என்றார் நாகேந்திரம், மனச்சாட்சிக்குப் பயந்து.

சார்ஜன்ட் வாய்விட்டுச் சிரித்தார். நாகேந்திரத்தின் மனைவி நேசமலர் மட்டும் சிரிக்கவில்லை. கிறைண்டர் பட்டனிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள்.

"வீட்டுல யார் இருக்கு?"

"நானும் மனுசியும்தான். ரெண்டு பேரும் பதிஞ்சிருக்கு."

"அந்த ரூம்?"

"பழைய சாமான், சேர். திறப்பைத் தேடிக்கொண்டிருக்கிறம்."

சார்ஜன்ட் பூட்டிய கதவருகே போய்க் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றார்.

"நல்ல பிஸ்ஸு மாத்தயா!" பைத்தியக்காரனைப் பார்த்ததுபோல் தலையை ஆட்டிச் சிரித்தபடி சார்ஜன்ட் வெளியே போனார். "ஒக்கோம ஹரி, சேர்!" எல்லாம் சரியென்று ஒழுங்கையில் நின்ற இன்ஸ்பெக்டருக்குச் சிங்களத்தில் குரல் கொடுப்பது கேட்டது.

அப்பாடா என்று நேசமலர் பட்டனை அமத்திக் கிறைண்டரை நிறுத்தப் போனாள்.

குசினி ஜன்னலில் சார்ஜன்டின் முகம் மறுபடி தெரிந்தது. கம்பியோடு ஒட்டி நின்று, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"நோனா, கிறைண்டரை இப்ப நிப்பாட்ட வேணாம். இன்ஸ்பெக்டர் மாத்தயா பக்கத்து வீட்டுலதான். உள்ளே பேபி இன்னும் அழுவுது."