இருபத்தியோரு பேரும் ஆஜர்

"இது நீயா ஒக்காந்து எழுதின கணக்கும்மா. தொண்ணூறு நாளு, இருபத்தியோரு பசங்க. ஒரு நாள்கூட ஒருத்தரும் ஆப்சென்ட் இல்லியா?"

"இல்ல சார்" என்றாள் சிவசங்கரி, தலை குனிந்தபடியே.

படம் காட்டிப் பாடம் நடத்தினால் பிள்ளைகள் தவறாமல் வருவார்கள் என்பது அவளுடைய பிஎச்.டி. ஆராய்ச்சி.

கேள்வி கேட்ட பாலசுப்பிரமணியன் அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி; திருப்பதியில் ஒரு கல்லூரிப் பேராசிரியர். பள்ளிக்கூடங்களில் ஆராய்ச்சி செய்வது எப்படி என்று சொல்லிக் கொடுப்பவர். 'கணக்கு வாத்தியாரா, தெலுங்கு வாத்தியாரா?' என்று யாராவது கேட்டால் திணறுவார். அடுத்தவர் ஆராய்ச்சியில் பொய்யைக் கண்டுபிடிக்கும்போது மட்டும் அந்தத் திணறல் இருக்காது.

மறுநாளே பஸ் ஏறி, கங்காதர நெல்லூர் பக்கம் அவள் சொன்ன பள்ளிக்கூடத்தில் போய் நின்றார்.

வருகைப் பதிவேடு அவள் எழுதியதையே சொன்னது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கப் பிள்ளைகளும் போகிற மாசத்தில்கூட ஒருவரும் தவறவில்லை.

சத்துணவு சமைக்கும் லட்சுமம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"படம் பாக்கவா தெனமும் எல்லாரும் வந்தாங்க?"

"நல்லா சொன்னீங்க சார்! ஆராய்ச்சிக்கு வந்த அந்தம்மா உட்டாத்தானே? காலங்காத்தால வண்டியில வந்து, ஊடு ஊடா பூந்து எயுப்பிடுவாங்க. கொல்லியில மல்லாட்ட புடுங்கப் போன பசங்களக்கூட விடாம இட்டாந்துடுவாங்க."

அவருக்குக் குழம்பிவிட்டது. எண்ணிக்கை பொய்யில்லை. ஆனால் ஆராய்ச்சியும் நிஜமில்லை. இதில் எதைச் சிவப்பு மையால் அடிப்பது?

வேப்பமரத்தடியில் நின்று சிவசங்கரிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா இத எழுதாம மறைச்ச?"

"ரெண்டாம் நாளே ஒரு பொண்ணு மல்லாட்ட பொறுக்கப் போய்க்கினு இருந்துச்சு சார். நோட்டுல ஆப்சென்ட்னு போட்டுட்டு சும்மா நிக்க முடியல. எழுதினா ரிஜெக்ட் பண்ணிடுவாங்கன்னு பயம்."

அவர் வகுப்பறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சார்... ரிஜெக்ட்தானா?"

"தலைப்ப மாத்து. படத்த உட்டுடு. 'வீட்டுக்கே போய்க் கூப்பிட்டால் பிள்ளைகள் வருவார்களா?'ன்னு போடு. நீ செஞ்சத ஒண்ணு விடாம எழுது."

"ஆனா சார், ஆராய்ச்சி பண்றவங்க தள்ளி நின்னு பாக்கணும், கை வெக்கக் கூடாதுன்னு நீங்கதானே கிளாஸ்ல சொன்னீங்க?"

"சொன்னேம்மா. இருபத்திரெண்டு வருசமா, ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளகூட காலு வெக்காமயே சொல்லிக்கினு இருந்தேன்."