மெஷின் போட்ட சத்தம்

“இந்த அளவெல்லாம் நீயே மெஷின்ல எடுத்ததா தம்பி, இல்ல கனவுல யாராவது வந்து சொல்லிட்டுப் போனாங்களா?”

பேராசிரியர் டாக்டர் ருஸ்லினா இப்படிக் கேட்டதும் பூன் கியாட் நிமிர்ந்து நின்றான். அவர் கையில் இருந்தது அவனுடைய லேப் ரிப்போர்ட். இரும்புக் கம்பியை மெஷினில் மாட்டி, அறுந்து போகும்வரை இழுத்து, எவ்வளவு இழுப்புக்கு எவ்வளவு நீண்டது என்று எழுத வேண்டிய சோதனை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடத்தில் அது ஒன்றுதான் பாக்கி.

“நானேதான் எடுத்தேன் டாக்டர்.”

எடுத்தது உண்மைதான், வாட்ஸ்அப்பிலிருந்து. சீனியர் அனுப்பியிருந்தான். அவனுக்கு அவனுடைய சீனியர். முதன்முதலில் எழுதிய புண்ணியவான் யாரென்று யாருக்கும் தெரியாது. அந்த லேப் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே பூன் கியாட்டுக்குச் சரியாகத் தெரியாது.

செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஓர் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் திறந்து வைத்திருந்த கிளை அது. பட்டம் இங்கிலாந்துப் பட்டம், கட்டணம் இங்கிலாந்துக் கட்டணம், கொசு மட்டும் உள்ளூர். விதிகளும் அங்கிருந்து வந்தவைதான். செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதி மாட்டிக்கொண்டால் பட்டமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். சொந்த ஊரான பத்து பஹாட்டில் அவன் அம்மாவோ பட்டமளிப்புப் படத்துக்கு இப்போதே சட்டம் வாங்கி, படமே இல்லாமல் சுவரில் மாட்டிவிட்டாள். வருகிறவர்கள் வெறும் சட்டத்தைப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள்.

“என்னிக்குப் போனே?”

“போன செவ்வாய்க்கிழமை. மூணு மணிக்கு.”

“அன்னிக்கு அடைமழையாச்சே?”

“ஆமா டாக்டர். நனைஞ்சுக்கிட்டேதான் போனேன்.”

“அடேயப்பா, படிப்பு மேல என்ன பக்தி!” டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “சரி, மெஷின் எப்படி ஓடுச்சு?”

இனி இறங்க வழியில்லை. பூன் கியாட் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“மொதல்ல கொஞ்சம் முனகிச்சு டாக்டர். அப்புறம் ‘உய்ய்ங்’னு ஒரே சீரா ஓடுச்சு. கீழ எண்ணெய் ஒழுகிச்சு.”

“எண்ணெய் ஒழுகிச்சா?” டாக்டரின் புருவம் ஏறியது.

“இல்ல டாக்டர்! அது என் தலையிலேர்ந்து சொட்டின மழைத்தண்ணி.”

“அப்படிச் சொல்லு. கம்பி அறுந்தப்ப?”

“டொப்புனு ஒரு சத்தம்…”

“டொப்பா? நல்லா யோசி. அது இரும்பு, தம்பி. வாழைத்தண்டு இல்ல.”

“டமார்னு! காதே அடைச்சுப் போச்சு!”

“அதுக்கு முன்னாடி?”

“நடுவுல இடுப்பு மாதிரி மெலிஞ்சுது டாக்டர். பாக்கவே பாவமா இருந்துச்சு.”

“பாவமா இருந்துச்சாம்!” டாக்டர் சிரித்தபடி எதையோ குறித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவனுக்குக் கூடுதலாக வியர்த்தது. “கூட யாரு இருந்தா?”

நண்பன் பெயரைச் சொன்னால் உளறிவிடுவான். வாயில் வந்ததைச் சொன்னான்.

“லேப் பார்த்துக்கறாரே, பாங் சுகிமான். அவரு இருந்தாரு.”

டாக்டர் உடனே போனை எடுத்தார். இரண்டே நிமிடத்தில் சுகிமான் வாயில் கறிபாப் பலகாரத்துடன் வந்து நின்றார். எல்லாருக்கும் அவர் ‘பாங்’, அதாவது அண்ணன்; ஆனால் நான்கு வருடத்தில் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை பூன் கியாட். தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டான்.

“பாங், போன செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு இவன் மெஷினை ஓட்டினானா?”

சுகிமான் அவனை மேலும் கீழும் பார்த்தார். வாயிலிருந்ததை விழுங்கினார்.

“ஓட்டினானே டாக்டர். நானே பார்த்தேன். பாதுகாப்புக் கண்ணாடி போடாம கிட்டப் போனான், நல்லா ஏசிவிட்டேன்.”

பூன் கியாட்டால் காதை நம்ப முடியவில்லை. ‘நான் அங்கே போகவே இல்லையே’ என்று சொல்ல வந்தவன் நல்லவேளையாக வாயை மூடிக்கொண்டான்.

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“தம்பி, அந்த மெஷின் இங்கிலாந்துலேர்ந்து வந்து எட்டு வருஷம் ஆச்சு. மோட்டார் இன்னும் வந்து சேரல. இதுவரைக்கும் அது ஒரு நூலைக்கூட இழுத்தது இல்ல.”

அவன் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

“மன்னிச்சிடுங்க டாக்டர். கிளாஸ்ல எல்லாருமே அப்படித்தான்…”

“தெரியும். காலையிலேர்ந்து பதினோரு பேரைக் கூப்பிட்டுக் கேட்டாச்சு. ரெண்டாவது கேள்விக்கே அழுதுட்டானுங்க, உதவாக்கரைங்க.” டாக்டர் அவன் ரிப்போர்ட்டை இழுத்து, நூற்றுக்குத் தொண்ணூறு என்று பெரிதாக எழுதினார். “நாளைக்குப் பத்து மணிக்கு நம்ம பட்டத்துக்கு அங்கீகாரம் குடுக்கற குழு வருது. மெஷின் பக்கத்துல நின்னு நீதான் விளக்கம் சொல்லப் போறே. டை கட்டிட்டு வா.”

“ஓட்டிக் காட்டுன்னு கேட்டா?” பூன் கியாட் சுகிமானைப் பார்த்தான்.

சுகிமான் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

“பத்தே காலுக்குக் கரண்ட் போயிடும் தம்பி. அதை நான் பார்த்துக்கறேன்.”