நிமிடத்துக்கொரு தகவல்

நாட்றாம்பாளையத்தில் நாராயணப்பனின் மோட்டார் கொட்டகையில் இருந்த மோடம், மண்ணின் ஈரப்பதத்தை நிமிடத்துக்கொரு முறை அனுப்பியது. சிம் செலவு அதிகமானதால், தகவலைச் சேர்த்து வைத்து ஆறு மணி நேரத்துக்கொரு முறை அனுப்பும்படி ஓசூரிலிருந்தே மாற்றினாள் பொறியாளர் ஜெயப்ரியா.

மறுநாள் நாராயணப்பன் போன் செய்தார்.

"பழையபடி மாத்து கண்ணு. இல்லன்னா பொட்டியக் கழட்டிட்டுப் போ."

"ஒண்ணுகூட விட்டுப்போகாதுங்க. மொத்தமா வந்துரும்."

"மொத்தமா வேணாம். அப்பப்ப அனுப்பணும்."

"ராத்திரியில யாருங்க பாக்கறாங்க?"

"நான் பகல்லயே பாக்கறதில்ல."

"அப்புறம்?"

"அனுப்பறப்பல்லாம் அது 'பீப்'னு கத்தும். அதுக்குப் பயந்து காட்டுப்பன்னி கடலைக்காட்டுப் பக்கமே வராது. நேத்து குடும்பத்தோட வந்து தின்னுட்டுப் போயிருக்குது!"

சிரித்துக்கொண்டே பழையபடி மாற்றினாள்.

"மேக்கால காட்டுக்கும் ஒண்ணு மாட்டிரு கண்ணு."

"அங்க மோட்டாரே இல்லீங்களே?"

"பன்னி இருக்குதே!"