உறையாத இரத்தம்

பல் பிடுங்குவதற்கு முன் எடுத்த சோதனையில், நிலூஷாவின் இரத்தம் உறையத் தாமதமாகிறது என்று ரிப்போட் வந்தது. விஷயம் காதில் விழுந்ததுமே, "நோயாளிப் பொண்ணு எங்களுக்கு வேணாம்" என்று மாப்பிள்ளையின் அம்மா கல்யாணத்தை நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளை திவாகரன் வாயே திறக்கவில்லை.

கண்டியில் வேறொரு லெப்பில் மறுபடியும் சோதித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. மறுநாளே தாயும் மகனும் நிலூஷாவின் அம்பிட்டிய வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"மனசுல ஒண்ணும் வச்சிக்காதம்மா. எடுத்த ரத்தம் நேரத்துக்கு லெப்புக்குப் போகாம சூட்டுல கெடந்தா, ரிப்போட் பிழையாத்தான் வருமாம்," என்றாள் திவாகரனின் அம்மா.

"சூட்டுல கெடந்துச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டாள் நிலூஷா.

"இவன்தான் நேத்து சொன்னான்."

நிலூஷா திவாகரனைப் பார்த்தாள். அவன் அசடு வழியச் சிரித்தான்.

"பல்லேகலயில கிரிக்கெட் மெச் நடந்திச்சில்ல? வேனை வெயில்ல விட்டுட்டுப் போயிட்டேன். அந்தி வரைக்கும் ரத்தம் உள்ளுக்குள்ளயே கெடந்திச்சு."

"அப்ப, கல்யாணத்த நிப்பாட்டினப்பவே உங்களுக்குத் தெரியும்?"

"லெப்புக்கு ரத்தம் கொண்டுபோறதுதானே என் வேல. சொல்லியிருந்தா வேல போயிருக்குமே!"

நிலூஷா எழுந்துபோய் வாசல் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க."