பூட்டு முடிச்சு

தண்ணீர் இறங்கத் தொடங்கியது.

அவன் கயிற்றை விடவில்லை.

விட வேண்டும். அதுதான் அவன் வேலை. பனாமா கால்வாயில் கப்பல்களைக் கடல் மட்டத்துக்கு இறக்கிவிடும் கடைசித் தொட்டி அது. இரண்டு பக்கமும் பனை உயரத்துக்குச் சிமெண்ட் சுவர், நடுவில் முப்பதடிப் பாய்ப்படகு. சுவரிலிருந்து வரும் நான்கு கயிறுகள் படகைப் பிடித்திருந்தன. தண்ணீர் இறங்க இறங்க நான்கு பேரும் அவரவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும்.

விடாவிட்டால் படகு தொங்கும்.

தூத்துக்குடித் தோணியில் இருபது வருடம் கயிறு பிடித்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தெரிந்துதான் கட்டினான். முன்தளத்தில் கயிறு கட்டும் இரும்புக் கொம்பில் மூன்று சுற்று, மேலே ஒரு பூட்டு முடிச்சு. பாரம் ஏறிவிட்டால் அதை ஆண்டவரே வந்தாலும் அவிழ்க்க முடியாது.

கொம்பு பிடுங்கிக்கொண்டு வரட்டும். பலகை பிளக்கட்டும். ஒரு மாதம் கரையில் கிடக்கட்டும் இந்தச் சனியன் பிடித்த படகு.

பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு கஸ்பார் நின்றான். படகு அவனுடையது. இடுப்பு வாரில் புதிதாக நான்கு ஓட்டைகள், ஆணியால் குத்தியவை. கல்லீரலில் புற்று. டாக்டர் சொன்ன நான்கு மாதத்தில் இரண்டு போய்விட்டது.

ஆஸ்பத்திரி வேண்டாம், பசிபிக் கடலில் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு வருகிறேன் என்றான்.

கயிறு பிடிக்க நாலு ஆள் இல்லாமல் கால்வாயில் விடமாட்டார்கள். அதற்காகத்தான் தோணிக் காலத்துச் சேக்காளிகள் இருவரைக் கூப்பிட்டான். அவனையும் இன்னாசியையும். மற்ற இருவர் உள்ளூர்க் கூலி ஆட்கள். கால்வாய் தாண்டியதும் எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு கஸ்பார் மட்டும்.

"எண்ணே, கையோட கூட்டிட்டு வந்துருங்க." கிளம்பும்போது கஸ்பாரின் மனைவி எமில்டா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வாறேன்னுதான் சொல்லுவாரு. நம்பாதீங்க."

அவன் நம்பினான். நேற்றுக் காலை வரைக்கும்.

நேற்று அரிசி எடுக்கக் கீழே போனவன் தண்ணீர்க் கேன்களைப் பார்த்தான். சும்மாதான் எண்ணினான்.

ஒரு ஆளுக்கு இருபது நாள்.

கஸ்பார் போகிறேன் என்ற தீவுக்கு நாற்பது நாள் ஓட வேண்டும்.

திரும்ப எண்ணினான். கஸ்பார் தண்டலாக இருந்தவன், ஒரு தோணியையே நடத்தியவன். தண்டலுக்குத் தண்ணீர் விஷயத்தில் தப்பு வராது.

"இன்னும் ரெண்டு கேன் வாங்கிருவோமால?"

"போதும் மக்கா," என்றான் கஸ்பார்.

அவன் எமில்டாவைக் கூப்பிடப் போனை எடுத்தான். என்னவென்று சொல்வது? திரும்பப் பைக்குள் வைத்தான். இன்னாசியிடமும் வாய் திறக்கவில்லை.

இப்போது கயிறு முறுகியது.

படகின் முன்பக்கம் ஒருபக்கமாகத் தூக்கியது. அடுப்பிலிருந்த சட்டி கீழே விழுந்து உருண்டது. வழி காட்டப் படகில் ஏறியிருந்த கால்வாய்க்காரப் பைலட் ஸ்பானிய மொழியில் கூச்சல் போட்டார். பின்னால் அதே தொட்டியில் ஒரு சரக்குக் கப்பல் நின்றுகொண்டிருந்தது.

"விடுல! கயித்த விடுல, கோட்டிக்காரா!" இடப்பக்கக் கயிற்றைப் பிடித்திருந்த இன்னாசி அலறினான்.

கொம்பின் அடியில் பலகை கீறியது. இன்னும் ஒரு சாண் இறங்கினால் போதும். அம்மா தாயே, இன்னும் ஒரு சாண்.

கஸ்பார் சுக்கானைப் பைலட்டிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தான். கம்பியைப் பிடித்துப் பிடித்து, மூச்சு வாங்க, சாய்ந்த தளத்தில் ஏறி வந்தான். கையில் மீன் அறுக்கும் கத்தி.

முடிச்சைப் பார்த்தான்.

பிறகு அவன் முகத்தைப் பார்த்தான்.

"கேன எண்ணிட்டியோ?"

அவன் தலையை ஆட்டினான்.

கஸ்பார் கத்தியை ஒரே இழுப்பாக இழுத்தான். கயிறு வெடித்தது. முன்பக்கம் தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. மற்ற மூன்று கயிறுகளும் படகைத் தாங்கிக்கொண்டன. கொம்பு அசையவில்லை. பலகையில் ஒரு கீறல், அவ்வளவுதான். பாழாய்ப்போன படகை எவனோ நன்றாகக் கட்டியிருந்தான்.

தொட்டியின் கதவு திறந்தது. அந்தப் பக்கம் பசிபிக் கடல், சாயங்கால வெயிலில், வேறு எந்தக் கடலையும் போலத்தான் கிடந்தது.

சுவர்மேல் நின்ற கால்வாய் ஆள் அறுந்த பாதிக் கயிற்றைச் சுருட்டிப் படகுக்குள் எறிந்தான்.

வெளியே நங்கூரம் போட்டார்கள். பைலட்டும் கூலி ஆட்களும் இறங்கிப் போனார்கள். அவனையும் இன்னாசியையும் ஏற்றிக்கொள்ள இன்னொரு படகு ஆறு மணிக்கு வரும்.

"நானும் வாறேம்ல," என்றான் அவன்.



"ரெண்டு பேருக்குத் தண்ணி காணாது மக்கா," என்றான் கஸ்பார்.

அவனுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை. எமில்டாவின் கைச்சூடு மட்டும் இன்னும் கையில் இருந்தது.

அறுந்த கயிற்றின் இரண்டு பாதிகளையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். அறுந்த முனைகளில் புரி பிரித்தான். இந்தப் புரியை அந்தப் புரிக்குள் செலுத்தி, இழுத்து, இறுக்கினான். வழக்கமாக மூன்று தடவை கோத்தால் போதும். அது எந்தக் காற்றுக்கும் தாங்கும்.

அவன் ஏழு கோத்தான்.

"போதும்ல, படகு வந்துட்டு," என்றான் இன்னாசி.

அவன் எட்டாவதைக் கோத்தான்.