சோத்துப் பீரங்கி

பூங்காவில், படைவீரர் நினைவிடத்தில், ஒரு பழைய பீரங்கி மாலையும் கழுத்துமாக நின்றது. அதன் வாய்க்குள் ஒரு அணில் குடியிருந்தது.

"மாமா, நீங்க எத்தனை கோட்டையை இடிச்சீங்க?" என்று அணில் ஓயாமல் கேட்கும்.

"சொன்னா பயந்துருவே" என்று பீரங்கி மழுப்பிவிடும். பாவம், அது போருக்கே போனதில்லை. முகாமில் மத்தியானம் சாப்பாட்டு நேரம் வந்ததை அறிவிக்க, குண்டில்லாமல் வெறும் வெடிமருந்தை வெடிக்கும், அவ்வளவுதான். அதைப் போய் ஆள் தெரியாமல் இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

வீரர் தினத்தன்று பழைய சிப்பாய்கள் வந்து சல்யூட் அடித்தார்கள். கழுத்தில் மாலையோடு வந்த ஒரு கிழவர் மட்டும் பீரங்கியை உற்றுப் பார்த்தார்.

"அட, நம்ம சோத்துப் பீரங்கியில்ல!"

மானம் போச்சு என்று நினைத்தது பீரங்கி. கிழவர் குனிந்து கிசுகிசுத்தார்: "மூச்சு விடாதே. நானும் அங்க சாம்பார் கிண்டினவன்தான்."

அவர் போனதும், தூங்கி எழுந்த அணில் தலையை நீட்டியது. "யாரு மாமா அது?"

"ரெண்டு பேரும் ஒரே சண்டையில இருந்தோம்டா" என்றது பீரங்கி. "கடுமையான சண்டை. தினம் மத்தியானம் நடக்கும்."